கடனோடு தசமபாகம்: நகையை அடகு வைத்தாவது கொடுக்க வேண்டுமா?

தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டுக்கு மாதம் 36,000 ரூபாய் வருகிறது. தனிநபர் கடன் தவணை 9,500. கிரெடிட் கார்டில் 60,000 நிற்கிறது, அதற்கு மாதம் 3,000 கட்டுகிறார்கள். மளிகைக்கடையில் 7,000 பாக்கி. மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை பாதி மாதத்துக்குத்தான் வாங்க முடிகிறது. ஆனால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகம் 3,600 தவறாமல் போகிறது. போன இரண்டு மாதமும் கம்மலை அடகு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். "குறைத்தால் தேவனை வஞ்சிப்பதாகாதா? கவரில் பெயர் எழுதிப் போடுகிறோம், சபையில் தெரிந்துவிடுமே" என்று கேட்கிறார். பி.எஃப். பிடித்தத்துக்கு முந்தைய சம்பளத்தில் கணக்கிடுவதா, கைக்கு வருவதிலா என்றும் ஒரு கேள்வி.

சகோதரி, அடகு வைத்துக் கொடுப்பதை இந்த மாதமே நிறுத்துங்கள். காணிக்கையை முழுதாக நிறுத்த வேண்டாம், குறையுங்கள். இரண்டுக்கும் வேதத்தில் ஆதாரம் இருக்கிறது.

உங்களைப் பயமுறுத்துவது மல்கியா 3ஆம் அதிகாரம். தசமபாகங்களையெல்லாம் கொண்டுவாருங்கள் என்னும் பத்தாம் வசனம் எல்லோருக்கும் மனப்பாடம். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தையும் வாசியுங்கள். கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாகக் கர்த்தர் அங்கே சாட்சி சொல்கிறார். தசமபாகத்தைக் கேட்கிறவர் அடுத்தவனுக்குச் சேர வேண்டியதையும் கேட்கிறார். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலய ஊழியக் கோத்திரமான லேவியனுக்கு மட்டுமல்லாமல் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் போய்ச் சேர்ந்தது என்பதை உபாகமம் 14இல் பார்க்கலாம். மளிகைக்கடைக்காரரின் 7,000 அவருடைய பணம். அது உங்கள் வீட்டில் நிற்கும்போது அதிலிருந்து ஆண்டவருக்குக் கொடுக்க முடியாது. ஒருவருக்கும் கடன்படாதிருங்கள் என்று ரோமர் 13இல் பவுல் எழுதியது இதற்கும் பொருந்தும்.

மாமியாரின் மாத்திரை விஷயம் இன்னும் அவசரமானது. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிவிட்டு அவர்களைக் கைவிட்டவர்களை இயேசு மாற்கு 7இல் நேராகவே கண்டித்தார். மாத்திரையைக் குறைத்துக் கவரை நிரப்புவது அந்த இடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. உங்கள் மனது அப்படிப்பட்டதல்ல என்று கடிதமே சொல்கிறது. பயம்தான் உங்களை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

இயேசு பாராட்டிய ஏழை விதவை தன் இரண்டு காசையும் காணிக்கைப் பெட்டியில் போட்டாளே என்று யாராவது சொல்வார்கள். அவள் போட்டது தன்னிடம் இருந்ததை, அடகுக்கடையில் வாங்கியதை அல்ல. பவுலும் 'இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே' அங்கீகரிக்கப்படும் என்கிறார் (2 கொரிந்தியர் 8:12).

அப்படியானால் கடன் தீரும்வரை ஒன்றுமே கொடுக்காமல் இருக்கலாமே என்றால், அதை நான் சொல்ல மாட்டேன். உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1912இல் தெலுங்குப் பகுதியிலுள்ள தோர்ணக்கல் பேராயரானார். அங்கே அவருடைய சபையார் பெரும்பாலும் கூலி விவசாயிகள். அவர்களும் கொடுக்கப் பழக வேண்டும் என்று அவர் கற்பித்தார். வறுமையில் கொடுக்கும் பழக்கம் அறுந்துபோனால், வசதி வந்தபின் திரும்புவது கடினம். ஆகவே மாதம் 1,000 என்று இப்போது இருவரும் ஜெபித்துத் தீர்மானியுங்கள். சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள்.

மீதி 2,600இல் முதலில் முழு மாதத்துக்கும் மாத்திரை. மிச்சமாவது அப்படியே மளிகைக்கடைக்கு. கடைக்காரரிடம் இந்தத் தேதிக்குள் இவ்வளவு தருகிறேன் என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கார்டுதான் பெரிய ஓட்டை. மாதம் மூன்றரை சதவீத வட்டி என்று வைத்தால் 60,000க்கு 2,100, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 2,478. நீங்கள் கட்டும் 3,000இல் அசலுக்குப் போவது 522 மட்டுமே. புதிதாக ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும் தீர மூன்றரை வருடத்துக்குமேல் ஆகும். இன்னும் கொஞ்சம் நகை கையில் இருக்கிறது என்கிறீர்கள். நகையை வைப்பதென்றால் இதற்கு வையுங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிக் கிடைத்தால், 60,000க்கு முதல் மாத வட்டி 500தான். அதே 3,000ஐக் கட்டினால் 22 மாதத்தில் முடிந்துவிடும். இடையிடையே அசலில் கட்ட விடுகிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வட்டிக்கடைப் பக்கம் போக வேண்டாம். கார்டில் கடனைக் கட்டிய கையோடு அதை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இதையெல்லாம் கணவரோடு ஒரே நோட்டில் எழுதி வையுங்கள். காணிக்கையும் கடைப் பாக்கியும் அதே பக்கத்தில் இருக்கட்டும். உக்கிராணத்துவம், அதாவது தேவன் ஒப்படைத்ததைப் பொறுப்பாகப் பராமரிப்பது, பத்தில் ஒரு பங்கோடு முடிவதில்லை, மீதி ஒன்பது பங்குக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

சபையில் தெரியுமே என்ற கவலைக்கு: பாஸ்டரிடம் நீங்கள் இருவரும் நேரில் போய் நிலைமையைச் சொல்லுங்கள். நல்ல மேய்ப்பர் உங்கள் கடனுக்காக ஜெபிப்பார், மாத்திரைக்கு வழி உண்டா என்றும் பார்ப்பார். அவர் கடிந்துகொண்டாலும் தீர்மானத்தை மாற்ற வேண்டாம். விசனமாயும் கட்டாயமாயும் கொடுப்பதைப் பவுலே விலக்கியிருக்கிறார்.

பி.எஃப். கேள்வி இப்போதைக்குப் பெரிதல்ல. லேவியராகமம் பேசுவது நிலத்தின் தானியம், மரத்தின் கனி, ஆடுமாடு பற்றி. சம்பளச் சீட்டைப் பற்றி அதில் விதி இல்லை. கைக்கு வருவதில் கணக்கிடுங்கள், பி.எஃப். பணம் பின்னால் கைக்கு வரும்போது அதிலிருந்து கொடுக்கலாம். மளிகை பாக்கி தீர்ந்த மாதத்திலிருந்து 1,000ஐ 1,500 ஆக்குங்கள், நகை மீண்டதும் 3,600க்குத் திரும்புங்கள்.