போர்ட்டரில் இறங்குங்கள், அம்மா

கேள்வி: மகன் பாஸ்டனுக்கு அருகே ஆக்டனில் இருக்கிறான். நானும் கணவரும் அங்கே போயிருக்கும்போது நியூயார்க்குக்கும் ரயிலில் போய்வர ஆசை. "புறநகர் ரயிலில் கடைசி வரை போகாதீங்க, போர்ட்டரில் இறங்கி சுரங்க ரயிலுக்கு மாறுங்க" என்கிறான் மகன். அந்த நிலையம் மிகவும் ஆழமாமே? எனக்கு முழங்கால் வலி, பெட்டி வேறு இருக்கும். கடைசி நிலையத்துக்கே போய்விட்டால் என்ன?

பதில்: மகன் சொல்வதையே கேளுங்கள். பாஸ்டனில் ரயில் முனையங்கள் இரண்டு. வடக்குப் பக்கத்துப் புறநகர் ரயில்கள் நார்த் ஸ்டேஷனோடு நின்றுவிடும், தெற்குப் பக்கத்து ரயில்கள் சவுத் ஸ்டேஷனோடு. நடுவே ஒன்றரை மைல்கூட இருக்காது, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயில் கடந்துபோகப் பாதை இல்லை. இணைக்க வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது, இன்னும் கட்டியபாடில்லை. பெட்டியும் கையுமாக வருகிற பயணிகள்தான் இதனால் அல்லாடுகிறார்கள். அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

ஆக்டன் ரயில் போய்ச்சேருவது நார்த் ஸ்டேஷன். நியூயார்க் ரயில் கிளம்புவதோ சவுத் ஸ்டேஷனிலிருந்து. நார்த் ஸ்டேஷனில் இறங்கினால் ஆரஞ்சு லைன் என்ற சுரங்க ரயிலில் ஏறி, டவுன்டவுன் கிராஸிங் நிலையத்தில் ரெட் லைன் என்ற இன்னொரு சுரங்க ரயிலுக்கு மாற வேண்டும். போர்ட்டரில் இறங்கினால் ரெட் லைன் நேரே சவுத் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டுவிடும். வடக்குப் பக்கத்துப் புறநகர் ரயில்களில் ரெட் லைனைத் தொடும் வசதி ஆக்டன் வழியாகப் போகும் உங்கள் ஃபிட்ச்பர்க் தடத்துக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. "ஆரஞ்சு லைனிலேயே பேக் பே நிலையம் வரை போய் அங்கே நியூயார்க் ரயில் ஏறலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஏறலாம்தான். ஆனால் ரயில் அங்கே கொஞ்ச நேரமே நிற்கும். முழங்கால் வலியோடு போகிறவர், கிளம்புகிற இடத்திலேயே நிதானமாக ஏறுவதுதான் நல்லது.

ஆழம் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. போர்ட்டரில் ரெட் லைன் நடைமேடை தரைக்கு 105 அடி கீழே. பாஸ்டன் சுரங்க நிலையங்களில் அதுதான் மிக ஆழமானது. அங்கே மேல்மண் இளகல், உறுதியான பாறை கீழேதான் கிடைக்கிறது. அதனால் பாறைக்குள் இறங்கிக் குடைந்து 1984 டிசம்பரில் திறந்தார்கள். நகரும் படிக்கட்டு ஒன்றே 143 அடி நீளம். அதன் ஓரச் சரிவில் வெண்கலக் கையுறைகள் சிந்திக் கிடக்கும். மேக்ஸ் ஹாரிஸ் என்ற சிற்பி செய்தவை. யாரோ தவறவிட்டு, ஒவ்வொன்றாக உருண்டு இறங்குவது போலவே இருக்கும். அவசரத்திலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போங்கள்.

படிக்கட்டில் நீங்கள் இறங்கவே வேண்டாம், லிஃப்ட் இருக்கிறது. கிளம்பும் முன் லிஃப்ட் ஓடுகிறதா என்று பாஸ்டன் ரயில்களை நடத்தும் எம்பிடிஏ நிறுவனத்தின் இணையதளத்தில் மகனைப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே தெரியும். கீழே போனதும் ஆஷ்மான்ட் அல்லது பிரெயின்ட்ரீ என்று போட்ட ரயிலில் ஏறுங்கள். இரண்டுமே சவுத் ஸ்டேஷன் வழியாகத்தான் போகும். ஏல்வைஃப் என்று போட்டிருந்தால் அது எதிர்த்திசை.

கேள்வி: ஒரே டிக்கெட் போதுமா?

பதில்: போதாது. புறநகர் ரயிலுக்குத் தனி டிக்கெட். ரெட் லைனுக்கு 2.40 டாலர். வங்கி அட்டையையே வாயிலில் தட்டி உள்ளே போய்விடலாம், அட்டை ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. அப்புறம், திரும்பி வரும்போது ஆக்டன் ரயிலின் நேரத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ரெட் லைன் சில நிமிஷத்துக்கு ஒன்று வரும். ஆக்டன் ரயிலை விட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.