காற்றுக்கும் கட்டணம்!

பழைய வண்டி: கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, தாத்தா ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிளை மறுபடி எழுப்பப் பார்க்கிறேன். கார்புரேட்டர் உதிரிகள், கேஸ்கெட் செட் இரண்டும் சேர்த்து இங்கிலாந்துக் கடை ஒன்றில் 36 பவுண்டு. அனுப்பும் செலவு மட்டும் 44 பவுண்டு என்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதானா? பெட்டி 40 × 30 × 25 செ.மீ., எடை 1.1 கிலோ என்று குறித்திருக்கிறது.
– வாசகர், காரைக்குடி

பதில்: பெட்டியின் அளவையும் சேர்த்து எழுதினீர்களே, அதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். நான் 31 வருடம் தபால் அலுவலகக் கவுன்ட்டரில் தராசு பிடித்தவன். என்னிடமும் ஒரு எம்20 இருக்கிறது. இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கூரியர்காரர்கள் பெட்டியைத் தராசில் வைப்பதோடு விடமாட்டார்கள், டேப்பாலும் அளப்பார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருவது ‘கன அளவு எடை’. அதுவா, தராசு காட்டியதா, எது அதிகமோ அதற்குத்தான் பில். உங்கள் பெட்டியைப் பெருக்கினால் 30,000, வகுத்தால் 6 கிலோ. உள்ளே இருப்பது 1.1 கிலோ. மீதி ஏறக்குறைய 5 கிலோவும் இங்கிலாந்துக் காற்று. அதையும் பணம் கட்டி விமானத்தில் ஏற்றுகிறீர்கள். இதே சாமான் 20 × 15 × 12 பெட்டியில் வந்தால் கணக்கு 0.72 கிலோதான். அப்போது 1.1 கிலோவுக்குக் கட்டினால் போதும்.

அந்த ஊர் சாதாரணத் தபாலில் கணக்கே வேறு. ராயல் மெயிலின் வெளிநாட்டுச் சிறு பார்சலுக்கு எடை 2 கிலோவைத் தாண்டக் கூடாது, எந்தப் பக்கமும் 60 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, மூன்று பக்கமும் கூட்டினால் 90 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். இந்த வரம்புக்குள் இருந்தால் எடைக்கு மட்டும்தான் காசு. உங்கள் பெட்டியைக் கூட்டிப் பாருங்கள்: 95. வெறும் 5 செ.மீ.யில் சிறு பார்சல் என்ற தகுதி போய்விட்டது! அந்தக் கடையில் பெரிய பெட்டிதான் கையில் கிடைத்திருக்கும், அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். இணையதளம் தானாகக் காட்டும் தொகையைப் பார்த்து மலைத்துப் போய் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். பழைய வண்டிச் சாமான் கடைகள் பலவும் இரண்டு, மூன்று பேர் நடத்துகிறவை. கேட்டால் செய்வார்கள். நான் எழுதுவது இப்படி இருக்கும்: “கூரியர் வேண்டாம், தடம் காணும் வசதியுள்ள தபாலில் அனுப்புங்கள். கேஸ்கெட்டை மடிக்காமல் பெட்டியின் அடியில் தட்டையாகப் போட்டு, அதன் மேல் மற்றதை வையுங்கள். உங்களிடம் இருக்கும் மிகச் சிறிய பெட்டி போதும், பெட்டியின் அழகு எனக்கு வேண்டாம். கட்டி முடித்த பிறகு எடையும் மூன்று அளவும் சொல்லுங்கள், அதற்குப் பிறகு பணம் அனுப்புகிறேன்.” இந்தக் கடைசி வரிதான் முக்கியம்.

அதே கடிதத்தில் வாட் வரியையும் கேட்டுவிடுங்கள். அங்கே விலையில் 20 சதவீத வாட் சேர்ந்திருக்கும். நாட்டை விட்டு வெளியே போகும் சரக்குக்கு அது கிடையாது. 36 பவுண்டில் 6 பவுண்டு வாட், ஆக உங்களுக்கு விலை 30. பதிவு பெற்ற கடையாக இருந்தால்தான் இது நடக்கும். பழைய சாமான் சந்தையில் கடை விரிக்கிற தனிநபரிடம் கழிக்க வாட்டே இருக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. நம் சுங்கத்தில் வரி போடுவது சாமான் விலைக்கு மட்டுமல்ல. அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் கூட்டிய தொகைக்கு. அதன் மேல் ஐ.ஜி.எஸ்.டி. என்ற ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யும் உண்டு. 44 பவுண்டுச் சுமைகூலி 20 ஆகக் குறைந்தால், மிச்சமான 24-க்கான வரியும் சேர்ந்தே மிச்சம். தபாலில் வந்தால் அந்த வரியை வீட்டு வாசலில் தபால்காரரே வாங்கிக்கொள்வார். கூரியர் என்றால் உங்களுக்காக முன்கூட்டி வரி கட்டியதற்கு ஒரு தனிக் கட்டணமும் பில்லில் ஏறி வரும். சிறிய சாமானுக்கு அதுவே வரியைவிடப் பெரிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கலங்க வேண்டாம், எம்20-க்குச் சாமான் பஞ்சம் கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்ஹாம் ஸ்மால் ஹீத் தொழிற்சாலையில் படைக்காக ஏறக்குறைய 1,26,000 வண்டி செய்து தள்ளினார்கள். அதனால்தான் இன்றைக்கும் அதற்குப் புதிதாகவே உதிரி செய்து விற்கிறார்கள். ஒரு கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்தவரிடம் போகலாம்.

கேள்வி: அப்பாவின் யெஸ்டி வண்டிக்காகச் செக் நாட்டுக் கடையில் இரண்டு மட்கார்டு, சைலன்சர், சீட், ரப்பர் சாமான்கள், கிராங்க் ஆயில் சீல் எல்லாம் கூடையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரே தடவையில் வரவழைத்தால் லாபம்தானே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடையிலிருந்து முதல் மூன்றையும் எடுத்துவிடுங்கள், அம்மா.

மட்கார்டு என்பது ஒரு வளைந்த தகடு. இரண்டு கிலோகூட இருக்காது. அது படுக்கும் பெட்டியோ 90 × 40 × 20. போட்டுப் பாருங்கள், 14.4 கிலோ! இவ்வளவு காற்றைச் செக் நாட்டிலிருந்து கொண்டுவருவதைவிட, உள்ளூரில் கைதேர்ந்த தகரவேலைக்காரரிடம் பழைய மட்கார்டை மாதிரிக்குக் கொடுத்து அடிக்கச் சொல்லலாம். சைலன்சரும் சீட்டும் அதே ஜாதி. சென்னைக்குப் போகிற வேலை இருந்தால் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் ஒரு நாள் சுற்றிவிட்டு வாருங்கள். தபால் செலவு மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும்.

ஆயில் சீல், ரப்பர், பாயின்ட் செட், கார்புரேட்டர் ஜெட் இவற்றை வரவழையுங்கள். கையில் அடங்குபவை, எடை இல்லாதவை, இங்கே தரமாகக் கிடைப்பது சிரமம். மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961-இல் செய்ய ஆரம்பித்தது செக் நாட்டு ஜாவா 250-ஐத்தான், யெஸ்டியும் அதன் வழி வந்ததுதான். ஆனால் 1996-இல் ஆலையை மூடும்வரை இங்கே அவ்வப்போது எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார்கள். அதனால் பழைய சீலைக் கழற்றி, உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதி அனுப்புங்கள். தவறாக வந்த சாமானைத் திருப்பி அனுப்பும் செலவுக்கு எந்தச் சிக்கனமும் ஈடாகாது.

கார்டில் பணம் கட்டும்போது “ரூபாயிலேயே செலுத்தலாமா?” என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர்கள் நாணயமான கொருனாவிலேயே கட்டுங்கள். அந்த ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதத்தை உயர்த்தி வைத்திருப்பார்கள்.

கேள்வி: ‘அன்பளிப்பு, 5 பவுண்டு’ என்று எழுதி அனுப்பச் சொன்னால் வரியே வராது என்கிறான் நண்பன். செய்யலாமா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் நண்பர் பழைய பஞ்சாங்கம் பார்க்கிறார். 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த விலக்கை 2019 டிசம்பரிலேயே எடுத்துவிட்டார்கள். ராக்கிக் கயிறும் உயிர்காக்கும் மருந்தும்தான் தப்பின. பி.எஸ்.ஏ. பிஸ்டன் இரண்டிலும் சேராது.

நானும் ஒரு காலத்தில் இந்த வேலையைச் செய்தவன்தான், மறைப்பானேன். மேக்டைனோவின் (மேக்னட்டோவும் டைனமோவும் சேர்ந்த மின்கருவி) பல்சக்கரம் ஒன்று, 60 பவுண்டுக்கு மேல் போட்டு வாங்கியது. கடைக்காரரைக் கெஞ்சி 5 பவுண்டு என்று எழுத வைத்தேன். பார்சல் வழியில் எங்கேயோ காணாமல் போனது. இழப்பீடு கேட்டேன், கொடுத்தார்கள். 5 பவுண்டு! தபால் சட்டம் மனப்பாடமாகத் தெரிந்த நான் யாரிடம் போய் முறையிடுவது? வீட்டுக்காரியிடம் விலையைக் கடைசிவரை சொல்லவில்லை. இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சுங்கப் படிவத்தில் உண்மை விலையை எழுதச் சொல்லுங்கள். ‘உதிரி’ என்று மொட்டையாக விடாமல் ‘மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர் பாகங்கள்’ என்று தெளிவாக எழுதி, பில் நகலை வெளியே ஒட்டினால் நம் ஊர் அயல்நாட்டு அஞ்சலில் கடிதப் போக்குவரத்து குறையும்.

கேள்வி: லண்டனில் இருக்கும் உறவினர் வரும்போது சூட்கேஸில் கொண்டுவரச் சொல்லலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தபால் செலவு பூஜ்யம். உறவு மிஞ்சுமா என்பதுதான் கேள்வி.

என் தங்கை மகன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறான். கடை அவன் வீட்டுக்கு அனுப்பும் உள்நாட்டுத் தபால் சில பவுண்டுதான். (நாட்டுக்குள்ளேயே அனுப்புவதால் வாட் கழியாது. அதையும் கணக்கில் வையுங்கள்.) பெரிய பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்துக்கொள்வோம், பத்திரமாக இருக்கும் என்று என் கனெக்டிங் ராடைத் தோள்பையில் போட்டுக்கொண்டு விமான நிலையம் போயிருக்கிறான். ஸ்கேனரில் ஒரு ஜாண் நீளத்துக்கு, இரண்டு பக்கமும் வளையம் வைத்த இரும்பு. பையைக் கொட்டினார்கள். அவனுக்கும் அது என்னவென்று சொல்லத் தெரியவில்லை, “மாமாவுடையது” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். சாமான் எப்போதும் செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

புதிதாக, காய்ந்ததாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓடிய கார்புரேட்டரோ பெட்ரோல் டேங்க்கோ பெட்ரோல் வாடையோடு விமானத்தில் ஏறக் கூடாது, தபாலிலும் கூடாது, அபாயப் பொருள் கணக்கில் சேரும். பழைய சாமான் வாங்கினால் முழுக்கக் கழுவி, காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், கிரீஸ் தடவிய பேரிங்கைத் துணியில் சுற்றுவதை நம்பாதீர்கள். தங்கைக்கு வாங்கிவந்த பட்டுத் தாவணியில் ஏறிய கறைக்கு நான் இன்றுவரை குற்றவாளி.

கேள்வி: ராஜ்தூத் 350-க்கு அமெரிக்காவிலிருந்து சாமான் வரவழைக்கிறேன். அவசரமில்லை. கப்பல் தபாலில் வருமா? நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வாங்கலாம் என்றும் யோசனை.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அமெரிக்கத் தபால் துறை வெளிநாட்டுக் கப்பல் தபாலை 2007-லேயே நிறுத்திவிட்டது. இங்கிலாந்தில் இன்னும் ‘எகானமி’ என்று மெதுவான சேவை உண்டு, தடம் காண வழி இல்லை, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ரப்பர் வாஷருக்குச் சரி. பிஸ்டனுக்கு என் நெஞ்சு தாங்காது. தடம் காணும் பார்சல் என்றால் 13 இலக்க எண் கிடைக்கும்: இரண்டு எழுத்து, ஒன்பது எண், கடைசியில் நாட்டின் இரண்டு எழுத்து. அதையே நம் இந்தியா போஸ்ட் தளத்திலும் போட்டுப் பார்க்கலாம்.

சேர்ந்து வாங்குவது நல்ல யோசனை. எந்தக் கட்டணப் பட்டியலிலும் முதல் அரைக் கிலோதான் கடிக்கும், அடுத்தடுத்த அரைக் கிலோவில் கடி குறையும். ஆனால் ஆறு பேருக்கும் ஒரே மாதிரி ஆறு பிஸ்டன் செட் ஒருவர் பெயரில் வந்தால் சொந்த உபயோகம் என்று யார் நம்புவார்கள்? வியாபாரச் சரக்கென்றால் இறக்குமதியாளர் குறியீட்டு எண் கேட்பார்கள். இரண்டு, மூன்று பேராக, வேறு வேறு சாமானாகச் சேருங்கள். பெட்டிக்குள் பெட்டி உத்தியையும் பயன்படுத்துங்கள்: ஹெட்லைட் டூம் (விளக்குக் கூடு) வாங்குகிறீர்களா, அதன் வயிற்றுக்குள் பிஸ்டன், பிஸ்டனுக்குள் அதன் ‘பின்’ என்ற தண்டு, மிச்ச இடத்தில் சுருட்டிய கேபிள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கசக்கிய செய்தித்தாள்.

ஒரு எச்சரிக்கை: ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்.டி.350-இன் நம் ஊர் வடிவம். ஆனால் அமெரிக்காவில் விற்ற ஆர்.டி.350-க்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-இல் இங்கே கொண்டுவந்த வண்டியில் டிரம். பிரேக் சாமான் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் எம்20 ஓடுகிறதா?
– வாசகர், பழனி

பதில்: பழனிக்காரர்களுக்குக் குசும்பு அதிகம். ஓடியது. போன மாதம் நத்தம் ரோட்டில் பத்து கிலோமீட்டர் போனதும் நின்றது. ஆறியதும் கிளம்பியது, சூடானதும் மறுபடி நின்றது. மேக்டைனோவுக்குள் இருக்கும் கண்டென்சர் போய்விட்டால் இப்படித்தான் செய்யும். மாற்று கண்டென்சர் தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். செருப்புப் பெட்டி அளவில் ஒன்றில் போட்டு, கூரியரில் அனுப்புவதாகக் கடையிலிருந்து பதில் வந்திருக்கிறது. கடிதம் எழுதியிருக்கிறேன். அதுவரை பஸ்தான்.