ஐந்து நாளில் ‘டெயில்வீல் லைசன்ஸ்’: நம்பலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 26. மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங்கில் வளர்ந்தேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். செஸ்னா 172-இல் பறந்து பிபிஎல் (தனியார் விமானி உரிமம்) எடுத்துவிட்டேன். ஆஸ்திரேலியாவுக்குப் போய்ப் பயிருக்கு மருந்தடிக்கும் விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை. அந்த வேலைக்கு வால்சக்கர விமானம், அதாவது மூன்றாவது சக்கரம் மூக்குக்கு அடியில் இல்லாமல் வாலுக்கு அடியில் இருக்கும் டெயில்வீல் ரகம், ஓட்டத் தெரிய வேண்டும் என்கிறார்கள். ஓர் ஏஜெண்ட், அமெரிக்காவில் ஐந்தே நாளில் டெயில்வீல் லைசன்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்லி 22,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். புக்கிங் பணம் 2,000 கட்டிவிட்டேன். பயிற்றுநர் யார் என்று கேட்டால், “எல்லாரும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை ஆணையம்) சான்றிதழ் உள்ளவர்கள்தான், கவலைப்படாதே” என்கிறார். தகுதியான பயிற்றுநரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: தம்பி, மீதி 20,000-ஐக் கட்டாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

‘டெயில்வீல் லைசன்ஸ்’ என்று ஒன்று கிடையாது. அமெரிக்காவில் அது உங்கள் லாக்புக்கில் (பறப்புப் பதிவேட்டில்) பயிற்றுநர் எழுதிக் கையெழுத்துப் போடும் சில வரிகள். பிரிட்டனில் வேறுபாட்டுப் பயிற்சி என்று செய்து, அதையும் லாக்புக்கில்தான் பதிவார்கள். ஆஸ்திரேலியாவில் விமானத்தின் வடிவமைப்பு அம்சம் ஒன்றுக்கான அங்கீகாரமாக உங்கள் லைசன்சோடு சேர்ந்துகொள்ளும். தான் விற்கும் சரக்கின் பெயரே சரியாகத் தெரியாத ஆளிடம் நீங்கள் 2,000 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள்.

இந்தப் பயிற்சிக்கு எதற்குத் தனியாக ஒரு வாத்தியார் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். குலை ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் முன்னால் இழுத்துப் போகும்போது டிரெய்லர் தானாக நேரே வரும். அதையே ரிவர்சில் தள்ளினால் என்ன ஆகும்? கொஞ்சம் கோணினால் போதும், கோணல் தானாகவே கூடிக்கொண்டு போகும். அவர் ஸ்டீரிங்கைச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி பராக்குப் பார்த்தால் மடங்கிக்கொள்ளும். நீங்கள் ஓட்டிய 172-இல் எடையின் மையம் இரண்டு பெரிய சக்கரங்களுக்கு முன்னால் இருக்கிறது. அது முன்னால் இழுக்கும் டிராக்டர். வால்சக்கர விமானத்தில் அந்த மையம் சக்கரங்களுக்குப் பின்னால். தரையைத் தொட்ட பிறகு வால் முன்னால் வரப் பார்க்கும். ரடர் பெடலை, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் பெடலை, மிதிக்கும் கால் தூங்கிவிட்டால் விமானம் சுழன்று, இறக்கை நுனி தரையில் உரசி, சில சமயம் சக்கரக்காலும் மடங்கும். இதற்குத்தான் கிரவுண்ட் லூப் என்று பெயர். ஆள் பெரும்பாலும் பிழைத்துவிடுவார், விமானமும் காப்புறுதியும்தான் போகும்.

ஒரு காலத்தில் இதை யாரும் தனிப் பயிற்சி என்று விற்கவில்லை. விமானம் என்றாலே பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 1958-இல் நம் ஆகாயப்படைக்கு வந்த முதல் விமானம், அன்றைய பிரதமர் துங்கு ‘லாங் ராஜாவாலி’ என்று பெயர் வைத்த டுவின் பயனியர், அதுவும் வால்சக்கரம்தான். இப்போது பள்ளிகளில் எல்லாம் மூக்குச்சக்கரம். அதனால் வால்சக்கரத்தை உண்மையாகவே தெரிந்த வாத்தியார்கள் குறைந்துவிட்டார்கள், தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் கூடிவிட்டார்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். “எஃப்ஏஏ சான்றிதழ் உள்ளவர்” என்பது பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பதிலால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவின் 61.31 என்ற விதி, வால்சக்கர விமானத்துக்குக் கேப்டனாக உட்காரும் ஆளுக்குப் பயிற்சியும் கையெழுத்தும் வேண்டும் என்கிறது. சாதாரணமாகவும் பக்கக் காற்றிலும் ஏறி இறங்குவது, வீல் லேண்டிங் (இதைப் பின்னால் விளக்குகிறேன்), கோ-அரவுண்ட் (இறங்காமல் மறுபடி மேலேறிச் சுற்றி வருவது) ஆகியவை அந்தப் பயிற்சியில் இருக்க வேண்டும். இத்தனை மணி நேரம் என்று கணக்கு இல்லை. சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன வேண்டும்? அவர் பயிற்றுநராக இருக்க வேண்டும், அந்த விமானத்தை ஓட்ட அவருக்கே உரிமை இருக்க வேண்டும். முடிந்தது. போன வாரம் கையெழுத்து வாங்கியவர் இந்த வாரம் உங்களுக்குக் கையெழுத்துப் போடலாம்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அதே அமெரிக்க விதிப் புத்தகத்தில், இரட்டை எஞ்சின் விமானத்துக்கோ ஹெலிகாப்டருக்கோ சான்றிதழ்ப் பயிற்சி கொடுப்பவர், அதே ரகத்தில் குறைந்தது 5 மணி நேரம் கேப்டனாகப் பறந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வால்சக்கரத்துக்கு அந்த 5 மணி நேரம்கூடக் கேட்கவில்லை. எழுதியவர்கள் எந்தக் காலத்து நினைப்பில் எழுதினார்களோ! எஃப்ஏஏ இணையத்தில் பயிற்றுநரின் பெயரைப் போட்டுத் தேடலாம். சான்றிதழ் இருந்தால் காட்டும். வால்சக்கரம் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்காது. ஆகவே காகிதத்தைப் பார்த்துத் தகுதியைக் கண்டுபிடிக்க முடியாது. கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என் கதையையும் சொல்கிறேன். நான் முதல் தடவை வெளிநாட்டில் கற்றபோது, பெயர் சொல்ல விரும்பாத ஒரு பள்ளியில், நல்ல சுறுசுறுப்பான இளைஞர் ஒருவரைக் கொடுத்தார்கள். நாலு நாள் பறந்தோம். நாலு நாளும் காலை ஏழு மணிக்கு, இலைகூட அசையாத நேரத்தில். இறங்கியதெல்லாம் அழகான இறக்கம். கையெழுத்து கிடைத்தது. ஐந்தாம் நாள் மதியம் தனியாகப் போனேன். பக்கத்திலிருந்து லேசான காற்றுதான். தரையைத் தொட்டதும் எல்லாம் முடிந்தது என்று காலைத் தளர்த்தினேன். அடுத்து நான் பார்த்தபோது ஓடுபாதைக்குப் பதிலாக வேலி முன்னால் நின்றது. இறக்கை நுனியோடு போயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, என் வாத்தியாருக்கு அந்த ரகத்தில் மொத்தமே பதினொரு மணி நேரம், அதில் நாலு நாள் என்னோடு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். கேட்காமல் விட்டது நான்.

வீல் லேண்டிங் என்று சொன்னேன் அல்லவா? அதில் ஒரு விலக்கு இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏஜெண்டுகள் பிழைப்பதே இதை வைத்துத்தான். வால்சக்கர விமானத்தை இரண்டு விதமாக இறக்கலாம். மூன்று சக்கரமும் ஒன்றாகத் தொடும்படி இறக்குவது ஒன்று. வேகத்தோடு முன் இரண்டு சக்கரத்தை மட்டும் தொடவைத்து, வாலை மேலேயே பிடித்து, பிறகு மெல்லக் கீழே விடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் வீல் லேண்டிங். கற்க நேரம் பிடிக்கும், முதலில் தவளை மாதிரி குதிக்கும். விமானத்தைத் தயாரித்த கம்பெனியே இப்படி இறக்க வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தால் மட்டும் பயிற்சியில் இதை விட்டுவிடலாம் என்று விதி சொல்கிறது. விலக்கு அவ்வளவுதான். பயிற்றுநருக்குப் பிடிக்காது என்பதற்கோ, காப்புறுதி ஒத்துக்கொள்ளாது என்பதற்கோ, நாள் போதவில்லை என்பதற்கோ இந்த விலக்கு கிடையாது. பக்கக் காற்று இறக்கத்துக்கும் கோ-அரவுண்டுக்கும் விலக்கே இல்லை.

ஆனால் நடப்பது வேறு. “இந்த விமானத்தில் வீல் லேண்டிங் தேவையில்லை” என்று வாயால் சொல்லிவிட்டு, அந்த நேரத்தை மிச்சம் பிடித்து, ஐந்து நாள் பேக்கேஜில் அடைத்துவிடுகிறார்கள். இன்னொன்றும் கவனியுங்கள். அமெரிக்காவில் அந்தக் கையெழுத்து ஒரு தடவை கிடைத்தால் போதும். பிறகு வேறு வால்சக்கர விமானத்துக்கு மாறும்போது இதற்காக யாரும் திரும்பக் கேட்பதில்லை. விலக்கு உள்ள விமானத்தில் வீல் லேண்டிங்கே செய்யாமல் கையெழுத்து வாங்கியவர், மறுநாள் விலக்கு இல்லாத விமானத்தில் சட்டப்படி ஏறலாம். சட்டத்தில் இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துவிட்டு, ஓடுபாதையில் வேலியை இடித்த பிறகு விசாரணை நடத்துகிறார்கள்! யாராவது உங்களிடம் வீல் லேண்டிங் வேண்டாம் என்றால், தயாரிப்பாளரின் கைப்புத்தகத்தைத் திறந்து எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். விலக்கு உண்மையாகவே இருந்தால்கூட நீங்கள் அந்த விமானத்தில் படிக்காதீர்கள். நீங்கள் இதை வைத்து வேலை செய்ய வேண்டும், கையெழுத்து மட்டும் போதாது.

பயிற்றுநரிடம் நேரடியாகப் பேசுங்கள், ஏஜெண்ட் வழியாக வேண்டாம். வால்சக்கரத்தில் உங்களுக்கு எத்தனை மணி நேரம், அதில் சொல்லிக்கொடுத்தது எவ்வளவு, இதே ரகத்தில் எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கேளுங்கள். நூறு மணி நேரம் இல்லாதவரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது சட்டம் இல்லை, என் கணக்கு. நல்ல வாத்தியார் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், லாக்புக்கையே காட்டுவார். அவர் உட்காரும் இடத்தில் பிரேக் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் விமானங்களில் இது முக்கியம். காற்றடிக்கும் மதியத்தில் பறப்பாரா? புல் ஓடுபாதை, தார் ஓடுபாதை இரண்டிலும் இறக்குவாரா? புல் கொஞ்சம் வழுக்கி மன்னித்துவிடும், தார் மன்னிக்காது. பயிற்சி முடிந்ததும் அதே விமானத்தை உங்களைத் தனியாக ஓட்ட விடுவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் தயங்கினால், தன் பயிற்சிமேல் அவருக்கே நம்பிக்கை இல்லை, அல்லது காப்புறுதி இல்லை. இரண்டும் உங்களுக்கு ஆகாது.

எத்தனை நாள் என்று கேட்பீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐந்திலிருந்து பத்து மணி நேரப் பறப்பு ஆகும். சிலருக்கு அதற்கும் மேல். நாளை முன்கூட்டியே எண்ணிச் சொல்கிறவர் வானிலையையும் உங்கள் காலையும் பார்க்காமல் சொல்கிறார்.

எந்த ரகத்தில் கற்கிறீர்கள் என்பதிலும் கண் வையுங்கள். சிட்டாப்ரியா, பைப்பர் கப் போன்ற அமெரிக்க விமானங்கள் வேகமெடுக்கும்போது இடப்பக்கம் இழுக்கும். பழைய சிப்மங்கில் எஞ்சின் எதிர்த்திசையில் சுழல்வதால் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றில் பழகிய கால் இன்னொன்றில் தவறான பெடலை மிதிக்கும்.

ஏஜெண்ட் விஷயம். நம் தாத்தாக்களை ஊரிலிருந்து கூட்டிவந்த கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு கிடைத்தது. இறக்கிவிட்ட தோட்டத்தில் மலேரியா இருந்ததா இல்லையா என்பது அவன் கவலை இல்லை. இன்றைய கங்காணி வாட்ஸ்அப்பில் விமானப் படம் அனுப்புகிறான். பள்ளியில் நேரடியாகக் கேட்டால் ஒரு விலை, இவனிடம் ஒரு விலை, நடுவில் உள்ளது தலைக்காசு. சுற்றுலா விசாவில் போய்ப் படிக்கலாம் என்று சொன்னால், அதை அமெரிக்கத் தூதரகத்தில் நீங்களே கேட்டு உறுதி செய்யுங்கள். விமான நிலையத்தில் திருப்பி அனுப்பினால் அவன் கூட வந்து நிற்க மாட்டான்.

உங்கள் நோக்கம் ஆஸ்திரேலியா என்றால், அமெரிக்காவுக்கு எதற்குப் போகிறீர்கள்? சுற்றி வளைத்துப் போய் மறுபடி அங்கே மாற்றிக்கொள்வதைவிட, ஆஸ்திரேலியாவிலேயே கற்பது நல்லது. அங்கே மருந்தடிக்கத் தனியாக வேறொரு தகுதி வேண்டும், வால்சக்கரம் அதற்கு முதல் படி மட்டும். நீங்கள் பிறகு ஏறப்போகும் ஏர் டிராக்டர் என்ற மருந்தடிக்கும் விமான ரகங்களில் பல ஒற்றை இருக்கைதான். முதல் தடவை ஏறும்போதே வாத்தியார் கூட இருக்க மாட்டார். ஐந்து நாள் பேக்கேஜ் அங்கே வெளுத்துவிடும். இங்கே மலேசிய லைசன்சோடு பறக்க இந்தப் பயிற்சி எப்படிப் பதிவாக வேண்டும் என்று, கிளம்புவதற்கு முன்பே மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகமானாலும் கவுண்டரில் காலையில் ஒருவர் சொல்வதை மதியம் இன்னொருவர் மாற்றுவார். எனக்கு ஒரு முத்திரைக்கு மூன்று பயணம் ஆயிற்று, மூன்றாவது தடவை தேநீர் நேரம்.

ஊத்தான் மெலிந்தாங் பையன் என்றதும் ஒன்று தோன்றியது. உங்கள் பக்கத்து ஜெண்டராட்டா தோட்டத்தில் சொந்த ஓடுபாதையே இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு இந்த ஆசை வந்ததா?

அந்த 2,000 வெள்ளி. பயிற்றுநரின் பெயர், விமானத்தின் பதிவு எண், பள்ளியின் முகவரி மூன்றையும் ஏழு நாளுக்குள் எழுத்தில் தரும்படி ஏஜெண்டுக்குச் செய்தி அனுப்புங்கள். தராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போங்கள். 50,000 வெள்ளிவரையான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள். ரசீதே கொடுக்கவில்லை என்றால், பணம் எந்தக் கணக்குக்குப் போயிற்று என்று வங்கியில் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.