திருவாதிரையும் பீட்டல்ஜூஸும்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் மொட்டைமாடியில் மூன்று தலைமுறையாக உட்கார்ந்து வானம் பார்த்தோம். ஓரியன் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் சிவப்பாகத் தெரிந்த நட்சத்திரத்தை அம்மா திருவாதிரை என்றார். மகளோ போனைக் காட்டி, "இல்ல பாட்டி, இது பீட்டல்ஜூஸ்" என்கிறாள். யார் சொல்வது சரி? அது என்ன பெயர்?

ஒரு வாசகி, தென்காசி

அன்புள்ள சகோதரிக்கு,

இருவர் சொல்வதும் சரி, ஒரே நட்சத்திரம்தான். ஓரியன் கிரேக்கக் கதைகளில் வரும் வேட்டைக்காரன், பழைய கிரேக்கக் கவி ஹோமரின் காவியங்களிலேயே இருக்கிறான். பாபிலோனியர் அதே உருவத்தை வானக் கடவுள் அனுவின் மேய்ப்பன் என்றார்கள். நம் நாள்மீன் கணக்கில் அவன் தலைப்பக்கம் மிருகசீரிடம், மான்தலை. தோளில் இருக்கும் சிவப்பு மீன் ஆதிரை.

பீட்டல்ஜூஸ் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அரபியர் இந்த உருவத்தை ஜவ்ஸா என்று ஒரு பெண்ணாகப் பார்த்தார்கள், அந்த நட்சத்திரம் அவள் கை, 'யத் அல்-ஜவ்ஸா'. அரபியில் சொல்லின் தொடக்கத்தில் 'ய'வும் 'ப'வும் ஒரே வடிவம், கீழே இரண்டு புள்ளி இருந்தால் ய, ஒன்று இருந்தால் ப. இடைக்கால ஐரோப்பாவில் லத்தீனுக்குக் கொண்டுபோனபோது ஒரு புள்ளி தவறிப்போய், 'யத்' 'பத்' ஆகி, அது வாய்க்கு வாய் மாறித்தான் பீட்டல்ஜூஸ். பிறகு வந்த அறிஞர்கள் 'பத்' என்றால் என்னவென்று தேடி, அக்குள் என்று பொருள் சொல்லிவிட்டார்கள். இன்றும் பல புத்தகங்களில் அக்குள்தான். ஓலையில் புள்ளி வைக்காமல் எழுதிய சுவடிகளோடு நம் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துக்கொள்கிறேன்.

அம்மா சொன்ன பெயர் 'ஆர்த்ரா' என்ற வடசொல்லின் தமிழ் வடிவம், ஈரம் என்று பொருள். ஆனால் அது தமிழுக்கு நேற்று வந்ததில்லை. முழுநிலா ஆதிரையோடு சேரும் மார்கழி நாளில் விழா தொடங்குவதைப் பரிபாடலே பாடுகிறது. இன்றும் அந்த நாளில்தான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். உங்கள் அம்மா வாயில் வந்தது அந்தப் பெயர், அதை மகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம், மார்கழியில் முன்னிரவில் கிழக்கு நோக்கி நில்லுங்கள். ஓரியனின் இடுப்பில் வரிசையாகத் தெரியும் மூன்று நட்சத்திரங்களுக்கு இடப்பக்கம் சிவப்பாக இருப்பது ஆதிரை. வலப்பக்கம் நீலம் கலந்த வெள்ளையாக இருப்பது ரைஜெல், அரபியில் 'ரிஜ்ல்', ஜவ்ஸாவின் கால்.