மாத்திரை வாசலுக்கு வருகிறது, ஆள்?

கேள்வி: அம்மாவுக்கு 82 வயது. வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். நான் குவைத்தில் இருக்கிறேன். வீட்டில் மனைவி பார்த்துக்கொள்கிறாள், அவளாலும் முடியவில்லை. மதுரையிலிருந்து ஆள் வைத்தால் மாதம் 25 ஆயிரம் கேட்கிறார்கள். தாலுகாவுக்கு ஒரு முதியோர் இல்லம் கட்டச் சொல்லி நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
(தேவிபட்டினம் வாசகர், பெயர் வேண்டாம் என்றிருக்கிறார்)

பதில்: எழுத மாட்டேன். மாவட்டத்துக்கு ஒரு இல்லம், குறைந்தது 150 பேர் தங்குகிற மாதிரி, என்று 2007-ல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது, அதுவும் ஆதரவற்றவர்களுக்கு. உங்கள் அம்மா ஆதரவற்றவரா? நாளைக்கே ராமநாதபுரத்தில் ஒன்று கட்டிவிட்டார்கள் என்றே வையுங்கள், தொண்டிக்கிழவியும் மூக்கையூர்க் கிழவரும் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கூடத்தில் போய்க் கிடக்கச் சம்மதிப்பார்களா?

உங்கள் கடிதத்தில் மனைவி ஒரே வரியில் வந்து போய்விட்டார். அந்த வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட வேண்டும், ராத்திரியும்தான். துடைக்க, துணி அலச, விரிப்பு மாற்ற எத்தனை குடம் தண்ணீர் வேண்டும் என்று எண்ணியிருக்கிறீர்களா? நம் கரையில் கிணற்றில் உப்பு, காவிரிக் குழாயில் தண்ணீர் வருகிற நாள்தான் நல்ல நாள், மற்ற நாளில் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். முதியோர் கொள்கை என்று கோட்டையில் எழுதுகிறவர்கள் யாரும் இந்தக் குடக்கணக்கை எழுதி நான் பார்த்ததில்லை. இதில் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்ணாக இருந்தால் அன்றைய கூலியும் போச்சு.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது, பிசியோதெரபியும் படுக்கை நோயாளிக்கான வலி நிவாரணமும் அதிலேயே உண்டு. 2025-ல் தாயுமானவர் திட்டத்தில் 70 தாண்டியவர்களுக்கு ரேஷன் அரிசியும் வாசலுக்கு வர ஆரம்பித்தது. மத்திய அரசு 2024-ல் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 5 லட்சம் காப்பீடு என்றது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அந்த 5 லட்சம். வீட்டில் வருஷக்கணக்காகப் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ள அதில் ஒரு ரூபாய் கிடையாது. மாத்திரை வருகிறது, அரிசி வருகிறது, புரட்டிப் போடுகிற கை மட்டும் வரவில்லை. அந்தக் கை எப்படியும் வீட்டுக்குள் சும்மா கிடைக்கும் என்ற நினைப்புதான். உங்களுக்கும் அதே நினைப்பு, கோபிக்காதீர்கள்.

ஜெர்மனியில் 1995-லிருந்து இப்படிப் பார்த்துக்கொள்வதற்கென்றே தனிக் காப்பீடு, வீட்டில் வைத்துப் பார்த்தால் பணமாகவே வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு தூரம் எதற்கு, பக்கத்துக் கேரளத்தில் 2008-லேயே இதற்குக் கொள்கை போட்டுப் பஞ்சாயத்து மூலம் நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். படுக்கையாளியைப் பார்க்கிறவருக்கு மாதம் 600 ரூபாய் என்றும் ஒரு திட்டம் வைத்தார்கள். 600-ல் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, ஆனால் இது ஒரு வேலை என்று அரசுக் கணக்கில் ஏறிவிட்டதே. நான் எழுதப்போவது அதைத்தான்: ஊருக்கு நாலு பெண்கள், சுயஉதவிக் குழுவிலிருந்தே, பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு.

அதுவரை? கிராம சுகாதார நர்ஸிடம் அம்மாவின் பெயரைப் பதிந்து பிசியோதெரபிக்காரரை வரச் சொல்லுங்கள். ஒரு ஏர் பெட் வாங்குங்கள். மதுரை ஆள் வேண்டாம், தெருவிலேயே ஒரு அக்காவைக் காலை நேரத்துக்கு மட்டும் சம்பளத்துக்கு வையுங்கள். அப்புறம், மனைவிக்கு மாதம் நாலு நாள் லீவு. உங்கள் கம்பெனியில் வெள்ளிக்கிழமை லீவுதானே?