சாஃப்டா (தெற்காசிய சுதந்திர வர்த்தகப் பகுதி ஒப்பந்தம்) வந்த பிறகும் தெற்காசிய வர்த்தகம் ஏன் உயரவில்லை?

இந்தக் கேள்வியை எடுத்து, வரிக்குறைப்பை மட்டும் வைத்துக் கட்டுரை எழுதினால் விடை கிடைக்காது. 2006இல் சாஃப்டா நடைமுறைக்கு வந்தும் தெற்காசிய நாடுகளுக்குள்ளான வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் சுமார் 5 சதவீதத்திலேயே நிற்க ஒரு முக்கியக் காரணம், ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் விலக்குப் பட்டியல். அதிலுள்ள பொருளுக்குச் சலுகையே கிடையாது. பக்கத்து நாடு நன்றாக விற்கக்கூடியதைத்தான் பல நேரம் அதில் சேர்த்திருப்பார்கள்!

கட்டுரைக்கு நீங்கள் எடுத்த பொருட்களின் எச்.எஸ். குறியீடுகளை (சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் சர்வதேச எண்கள்), வாங்கும் நாட்டின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், இந்தியா-இலங்கைக் கணக்கைத் தனியே வையுங்கள். அங்கே 2000 முதல் சாஃப்டாவுக்கு வெளியே தனி இருதரப்பு வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா-பாகிஸ்தானையும்தான். 2019இல் புல்வாமா தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் பொருட்களுக்கு இந்தியா 200 சதவீத வரி விதித்தது. அதனால் வந்த வர்த்தகச் சரிவை எந்த விலக்குப் பட்டியலும் விளக்காது.