முதல் போட்டிக்கு முன் எதைப் பழகுவது?

கேள்வி: சதுரங்கம் ஆடத் தொடங்கி ஓராண்டு ஆகிறது. இரண்டு மாதங்களில் நடக்கவிருக்கும், புதியவர்களுக்கான போட்டி ஒன்றுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். தொடக்க நகர்வுகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து வருகிறேன். ஆனாலும் ஆட்டத்தின் பாதிக்குள் ஏதாவது ஒரு காயைச் சும்மா பறிகொடுத்துவிடுகிறேன். எஞ்சியுள்ள நாட்களில் நான் எதைப் பழக வேண்டும்?

பதில்: மனப்பாடத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். புதியவர்கள் மோதும் ஆட்டத்தில், நீங்கள் படித்து வைத்திருக்கும் வரிசையை எதிராளி நான்காவது ஐந்தாவது நகர்விலேயே விட்டு விலகிவிடுவார். அவரும் அதைப் படித்திருக்க வேண்டுமே! எதிராளி ஒரு காயை நகர்த்தியதும், அது இப்போது எவற்றையெல்லாம் தாக்குகிறது என்று பார்த்த பிறகே உங்கள் நகர்வை யோசிக்கும் பழக்கம்தான் உங்களுக்கு உடனடியாகத் தேவை.

ஓர் எடுத்துக்காட்டைப் பலகையில் வைத்துப் பாருங்கள் (கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசையையும் எண் கிடைவரிசையையும் குறிக்கும்). வெள்ளை இ4, கருப்பு இ5 என்று சிப்பாய்கள் நகர்ந்த பின், வெள்ளை ராணி எச்5 கட்டத்துக்கு வருகிறது. கருப்பில் ஆடும் புதியவர் பலர், ராணியை விரட்டிவிடலாம் என்று ஜி6 கட்டத்துக்குச் சிப்பாயைத் தள்ளுவார்கள். ராணியோ இ5 சிப்பாயை வெட்டி ராஜாவுக்குச் செக் வைப்பதுடன், ஜி7 கட்டம் காலியாகிவிட்டதால் எச்8 மூலையிலுள்ள யானையையும் சேர்த்துத் தாக்கும், யானை போய்விடும். முதலில் குதிரையை சி6 கட்டத்தில் வைத்து இ5 சிப்பாய்க்குக் காவல் கொடுத்திருந்தால் இந்த இழப்பு இல்லை. அடுத்து வெள்ளை மந்திரி சி4 கட்டத்துக்கு வந்து எஃப்7 கட்டத்தில் செக்மேட் செய்யப் பார்க்கும்போது, அதே ஜி6 நல்ல நகர்வாகிவிடும்.

இந்தப் பார்வை கூர்மையாக, ஒன்றிரண்டு நகர்வுகளில் தீரும் எளிய புதிர்களை நாள்தோறும் போடுங்கள். ஒரு கடினமான புதிரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட, எளியவற்றை நிறையப் போடுவதே உங்கள் நிலையில் பயன் தரும் என்பது என் கருத்து. ஐந்து நிமிட ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அரை மணி நேரமாவது உள்ள ஆட்டங்களை ஆடுங்கள். முடிந்ததும் கணினியைக் கேட்பதற்கு முன், எங்கே தவறினோம் என்று நீங்களே தேடுங்கள்.

1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக இருந்த கபபிளாங்கா, இறுதியாட்டத்திலிருந்தே, அதாவது பலகையில் சில காய்களே எஞ்சும் கட்டத்திலிருந்தே, படிப்பைத் தொடங்கச் சொன்னவர். உங்களுக்கு இரண்டு போதும்: ராஜாவும் யானையும் மட்டும் கொண்டு செக்மேட் செய்வது, ராஜாவும் ஒரே சிப்பாயும் எஞ்சும்போது சிப்பாயை ராணியாக்குவது. பின்னதில் பலர் சிப்பாயை முன்னே ஓட விட்டு வெற்றியைச் சமநிலையாக்கிக்கொள்கிறார்கள். ராஜாதான் முன்னே செல்ல வேண்டும். வெள்ளை ராஜா தன் சிப்பாய்க்கு முன்னால் ஆறாவது வரிசையை எட்டிவிட்டால், ஓரச் சிப்பாயைத் தவிர மற்றவற்றில், யார் நகர்த்தும் முறையாக இருந்தாலும் வெற்றி உறுதி.

கேள்வி: காயைத் தொட்டபின் மனம் மாறினால், போட்டியில் வேறு காயை நகர்த்தலாமா?

பதில்: கூடாது. நகர்த்தும் எண்ணத்தோடு தொட்ட காய்க்கு விதிப்படியான நகர்வு இருந்தால், அதையே நகர்த்தியாக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட வழியிருக்கும்வரை அதை வெட்டியாக வேண்டும். சாய்ந்திருக்கும் காயைச் சரிசெய்ய விரும்பினால், உங்கள் முறையின்போது, அதை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தொடுங்கள். கோட்டை கட்டும்போது, அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்தும்போது, முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டால், அந்த நகர்வில் அந்தப் பக்கம் கோட்டை கட்டும் உரிமை போய்விடும். காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்பதையும் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள்.